கலாஸ் என்றால் நிற்பவர்கள்

என் தங்கை மல்லிகாவின் கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போயிற்று. இரண்டு முறையும் பத்திரிகை அடித்து, மூலையில் மஞ்சள் தடவி, பாதி ஊருக்குக் கொடுத்த பிறகுதான் தந்தி வந்தது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்றாவதாகத் தை மாதத்தில் ஒரு முகூர்த்தம் குறித்த அப்பா, இதுவும் போனால் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டார். "நீ நேர்ல போய்ப் பாத்துட்டு வா. வர்றானா இல்லையா, ஆள் எப்படி, எனக்குத் தெரியணும்" என்று என்னைத் துபாய்க்கு அனுப்பினார்.

விசா எப்படிக் கிடைத்தது, எந்த வழியாகப் போனேன் என்பதை எழுதினால் அதுவே தனிப் புராணமாகிவிடும், விட்டுவிடுகிறேன். நான் திருச்சியில் ரயில் பணிமனையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து ரெஃப்ரீ. கோபக்காரன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு, அதில் பொய் எதுவும் இல்லை. பெட்டியில் முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய், இரண்டு வேட்டி ஆகியவற்றோடு விசிலையும் போட்டுக்கொண்டேன். பழக்க தோஷம்தான்.

மாப்பிள்ளை பெயர் முருகேசன், முசிறிப் பக்கம். அவர் துபாய்க்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் நிச்சயதார்த்தம் நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பாவுக்கு அவர் "துபாய் மாப்ள". போஸ்ட்மேனிடம்கூட "துபாய் மாப்ள கடுதாசி இருக்கா?" என்றுதான் கேட்பார். இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்து மூன்றாவது வருஷமும் பாதி போய்விட்டது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த லீவு மட்டும் வரவில்லை.

அல் கூஸில் அவர்கள் கேம்ப் இருந்தது. துபாய் என்றால் கண்ணாடி மாளிகை என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு அங்கே கிடைத்தது தகரக் கொட்டகைகள், கிடங்குகள், லாரிப் பட்டறைகள், கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். ரூமுக்குள் அடுக்குக் கட்டில்கள், ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டி மாதிரி. ரயில் என்றால் எங்காவது போய்ச் சேரும். முருகேசன் தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். மார்கழியில் பாலைவனம் இப்படிக் குளிரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, வேட்டியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினேன்.

முதல் நாள் சாப்பாடு குப்பூஸும் பருப்பும். குப்பூஸ் என்பது அரபு ரொட்டி. சூடாக இருந்தால் பஞ்சு, ஆறிவிட்டால் செருப்புத் தோல். எங்களுக்குக் கிடைத்தது ஆறியது. ஊறுகாய் பாட்டிலைத் திறந்ததும் ரூமில் இருந்த புதுக்கோட்டை, ராமநாதபுரத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு என் கட்டில் பக்கம் வந்தார்கள். ஒரே வேளையில் பாட்டில் காலி. முறுக்கு எங்கே போயிற்று என்று எனக்கே தெரியாது.

அன்றைக்குச் சாப்பிடும்போதுதான் முருகேசன் விஷயத்தைச் சொன்னார்.

"மச்சான், லீவு இந்தத் தடவை உறுதிங்க. ஆனா ஒரு கப்பு ஜெயிக்கணும்."

நான் குப்பூஸைக் கீழே வைத்தேன். "என்ன மாப்ள, லீவுக்கும் கப்புக்கும் என்ன சம்பந்தம்?"

அவர் சொன்னது இதுதான். இந்த நாட்டில் ஏழு அமீரகங்கள். ஒவ்வொன்றிலும் நம்மவர்களும் பிறரும் சேர்ந்து நடத்தும் வெளிநாட்டார் கால்பந்துக் கிளப்புகள் உண்டு. இதுவரை அவரவர் வட்டாரத்துக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான், ஒவ்வொரு வட்டாரத்திலும் ஜெயித்த கிளப்பை மற்ற வட்டாரத்தில் ஜெயித்த கிளப்போடு மோதவிட்டு, தோற்றவர் வெளியே, கடைசியில் நிற்பவர் நாட்டுக்கே சாம்பியன் என்று ஒரு போட்டி தொடங்கியிருந்தார்கள். துபாய் வட்டாரத்தில் ஜெயித்தது முருகேசன் கேப்டனாக இருந்த இந்த கேம்ப் அணி. கம்பெனி முதலாளி ஒரு வயதான அரபு. அவரை எல்லாரும் அர்பாப் என்பார்கள். வட்டாரக் கோப்பையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அவர் எதிரிலேயே கேம்ப் மேனேஜர் வரதராஜன், "நாட்டுக் கோப்பையும் வந்தால் பதினோரு பேருக்கும் லீவு" என்று சொல்லிவிட்டாராம்.

"ஒப்பந்தத்துல இருக்கற லீவை எதுக்குய்யா பரிசா குடுக்கணும்?" என்றேன்.

முருகேசன் சிரித்தார். "இங்க அப்படித்தாங்க. நம்ம சட்டைய நமக்கே பொன்னாடையா போத்துவாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் சைட்டைப் பார்க்கப் போனேன். எழும்பிக்கொண்டிருந்த கட்டடம் ஒன்றின் சாரத்தில் நம் ஆட்கள் எறும்பாய் ஊர்ந்தார்கள். வரதராஜனை அங்கேதான் முதலில் பார்த்தேன். மெட்ராஸ்காரர். சஃபாரி சூட், கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு சிறிய வாக்கி டாக்கி. என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை பாக்க வந்தியா? பாத்துக்கோ, நல்லா பாத்துக்கோ" என்றார். முன்பின் தெரியாதவனை ஒருமையில் பேசியதை நான் மறப்பதாக இல்லை.

பிறகு மதியச் சாப்பாட்டுக்கு வேலையை நிறுத்த அவர் வாயில் கையைக் குவித்து, "கலாஸ்!" என்று கத்தினார். கலாஸ் என்றால் முடிந்தது, நிறுத்து, போதும், எல்லாமும்தான். அந்த ஒரு சத்தத்தில் சாரம் முழுக்க அப்படியே நின்றுபோனது. கொத்தனார் ஒருவர் கரண்டியில் அள்ளிய கலவையைச் செங்கல்மேல் வைக்கவில்லை, சட்டிக்கே திருப்பிக் கொட்டினார். சுத்தியலை ஓங்கிய கை அடிக்காமலே இறங்கியது. எங்கள் பணிமனையில் சங்கு ஊதும்போது பாதிப் பேர் கை கழுவி, சைக்கிளில் ஒரு கால் போட்டிருப்பார்கள். அதைத் தப்பு என்று எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு, எங்கள் ஆட்கள் செய்வதில் தப்பே இல்லை என்று தோன்றியது.

"கலாஸ்னு சொன்னதுக்கு அப்புறம் கையை அசைச்சா?" என்று முருகேசனிடம் கேட்டேன்.

"ஒருத்தன் அசைச்சான். அவன் பாஸ்போர்ட்டு இன்னும் ஆபீஸ் பெட்டியிலதான் இருக்கு. எல்லாருதும் அங்கதாங்க இருக்கு."

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அரையிறுதி, ராஸ் அல் கைமாவில். கம்பெனி ஒரு பிக்கப் வண்டி கொடுத்தது. ஓட்டியவர் கான் என்ற பட்டாணியர், நல்ல மனிதர், ஆனால் காது கொஞ்சம் மந்தம். பின்னால் பதினோரு பேரும், இரண்டு பந்தும், ஒரு வாளித் தண்ணீரும். நான் முன்னால். கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றது. எதிரே கழிமுகத்து உப்புத்தண்ணீர், அதில் சிவப்புக் கால் நாரைகள். ஆட்டக்காரர் ஒருவரையும் காணோம்.

"வந்துவிட்டது ராஸ்" என்றார் கான் இந்தியில்.

அது ராஸ் அல் கோர். ராஸ் என்றால் அரபியில் கடல்முனை. எங்கள் கேம்ப்பிலிருந்து கூப்பிடு தூரம். வரதராஜன் அவரிடம் "ராஸ்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். நம் ஊரில் "பட்டி" என்று மட்டும் சொல்லி பஸ் ஏறினால் எந்தப் பட்டியில் இறக்கிவிடுவான்? நான் கானைத் திட்ட வாயெடுத்தேன். அவர் அமைதியாக, "பாய், இந்தக் கடற்கரை முழுக்க ராஸ்தான். சொல்கிறவன் முழுசாகச் சொல்ல வேண்டும்" என்றார். அதில் நியாயம் இருந்தது. அதனால் வரதராஜனைத் திட்டினேன்.

கான் அதற்குப் பரிகாரமாக வண்டியைப் பறக்கவிட்டார். பின்னால் இருந்த பதினோரு பேரும் ஒருவர்மேல் ஒருவர் புரண்டுகொண்டு வந்தார்கள். பாதி வழியில் மணல் மூடிய ஓர் இடத்தில் சக்கரம் புதைந்தது. இறங்கித் தள்ளினோம். ஒரு பலூச்சிக்காரரின் டீக்கடையில் ஒரு நிமிஷம் நிறுத்தி, கண்டென்ஸ்ட் பால் போட்ட டீயும் பரோட்டாவும் வாங்கி வண்டியிலேயே தின்றோம். அந்த டீ மட்டும் நன்றாக இருந்தது என்று சொல்லியாக வேண்டும்.

மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த வட்டாரத்து அணி, "நேரம் ஆகிவிட்டது, வாக் ஓவர் கொடு" என்று குதித்துக்கொண்டிருந்தது. நான் இறங்கிய வேகத்தில் நடுவில் புகுந்தேன். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று போட்டி விதியில் எழுதியிருக்கிறதா, எழுதவில்லை என்றால் ரெஃப்ரீ அல்லவா முடிவு செய்ய வேண்டும், ஆட வந்தவனை ஆடாமல் ஜெயிப்பதில் உங்களுக்கு என்ன பெருமை என்று தமிழும் இங்கிலீஷும் கலந்து சத்தம் போட்டேன். குடையும் கைப்பையுமாக நின்றிருந்த ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். பெயர் சிவபாதம். யாழ்ப்பாணத்துக்காரர், ஷார்ஜாவில் ஒரு அலுவலகத்தில் கணக்காளர். போட்டிக் குழுவுக்கு அவர்தான் செயலாளர்.

"நீங்கள் ஆர்? சட்டமெல்லாம் பாடமாய்ச் சொல்லுறியள்" என்றார்.

"ரெஃப்ரீ. திருச்சி."

"ஓ. சத்தத்தைக் கேக்கவே விளங்கினது."

ஆட்டம் நடந்தது. நம் பிள்ளைகள் கான்வாஸ் ஷூவோடு, புரண்டு வந்த உடம்போடு, இரண்டு கோல் போட்டு ஜெயித்தார்கள். முருகேசன் ஆடியதை அப்போதுதான் முதலில் பார்த்தேன். பெரிய வித்தை எதுவும் இல்லை. பந்து போன இடத்துக்கெல்லாம் மனிதர் போனார், அவ்வளவுதான். என் தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளை என்பதை மறந்து, நல்ல ஹாஃப் பேக் என்று நினைத்தேன்.

அந்த வாரம் நடுவில் முருகேசன் முகம் தொங்கிப்போய் டூட்டியிலிருந்து வந்தார். மேல்தளத்துக் கான்கிரீட்டை முன்கூட்டியே போட வேண்டும் என்று கட்டடத்துக்காரர் நெருக்குகிறாராம். பதினோரு பேரும் ஊருக்குப் போய்விட்டால் ஆள் பற்றாது. வரதராஜன் அர்பாப் முன்னால் கொடுத்த வாக்கை வாபஸ் வாங்கவும் முடியாது.

"அப்ப என்ன பண்ணுவான்?" என்றேன்.

"தோத்துட்டா அவருக்குப் பிரச்சினை இல்லைங்களே."

அவர் அதை மிகச் சாதாரணமாகச் சொன்னார். நான் ராத்திரி முழுக்கத் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

இறுதி ஆட்டம் அல் கூஸிலேயே, கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த மணல் திடலில். ஜிப்சம் தூளால் கோடு போட்டிருந்தார்கள். எதிரணி அபுதாபி வட்டாரத்து சாம்பியன். மலையாளிகளும் சூடான்காரர்களும் கலந்த அணி, எல்லார் காலிலும் பூட்ஸ். வேலை முடிந்து வந்த கூட்டம் கிடங்குக் கூரைமேலும் லாரிகள்மேலும் ஏறி உட்கார்ந்திருந்தது. ரெஃப்ரீயாக வரவேண்டிய எகிப்தியருக்குக் காய்ச்சல். சிவபாதம் நேரே என்னிடம் வந்தார்.

"விசில் கொண்டு வந்தனீங்களோ?"

"ஐயா, இந்த அணி கேப்டன் என் தங்கைக்கு நிச்சயமான மாப்பிள்ளை. நான் ஊதக் கூடாது."

"அபுதாபி கேப்டன் என்ரை மேலதிகாரியின்ரை மருமகன். இஞ்ச சொந்தமில்லாத ஆளுக்கு நான் எங்க போறது? அவையளிட்டைச் சொல்லிப் பாப்பம்."

சொன்னார். அபுதாபி கேப்டன் தோளைக் குலுக்கி, "சரியாக ஊதினால் யார் ஊதினால் என்ன" என்று இங்கிலீஷில் சொன்னார். அந்த வார்த்தைக்காகவே நான் முதல் பாதி முழுக்க முருகேசனிடம் கொஞ்சம் கடுமையாகவே இருந்தேன். தோளால் இடித்ததற்கு இரண்டு முறை ஊதினேன். அவர் பந்தை வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

இரண்டாம் பாதியிலும் கோல் இல்லை. ஆட்டம் முடியப்போகும் நேரம். அபுதாபியின் வலது விங்கர் பந்தோடு ஓரமாக ஓடி வந்தான். நம் பின்வரிசை ஆட்கள் மூன்று பேர் அவனை நன்றாக மடக்கி வைத்திருந்தார்கள். அப்போது பக்கவாட்டுக் கோட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"கலாஸ்! கலாஸ்!"

பதினோரு பேரும் நின்றுவிட்டார்கள்.

நான் எத்தனையோ மைதானத்தில் எத்தனையோ கூத்தைப் பார்த்தவன். ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஓடிக்கொண்டிருந்தவன் ஓட்டத்திலேயே தளர்ந்து நின்றான். பின்வரிசை நடுவில் நிற்கும் ஸ்டாப்பர் குனிந்து ஷூவில் இருந்த மணலைத் தட்டினான். கோல் காக்கும் கோலி திரும்பி, கம்பத்தின் ஓரம் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தான். முருகேசன்கூட இடுப்பில் கை வைத்து நின்றார். விங்கர் பெனால்டி பெட்டிக்கு வெளியே திகைத்து நின்று, இரு பக்கமும் பார்த்துவிட்டு, பந்தை ஒரு தட்டு முன்னால் தள்ளினான். நான் என் நெஞ்சு வெடிக்கிற மாதிரி விசிலை ஊதினேன். ஊதிய பிறகுதான் அவன் உதைத்தான். பந்து காலி வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அபுதாபிக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "எதற்கு ஊதினாய்? யாரோ கத்தினால் இவர்கள் ஏன் நிற்க வேண்டும்?" என்று அவர்கள் கேப்டன் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கே அந்தப் பதினோரு பேரையும் வரிசையாக நிற்கவைத்து அறையலாம் போல இருந்தது.

"வெளியிலேருந்து ஒருத்தன் விசில் ஊதி ஆட்டக்காரனை ஏமாத்தினா, ஆட்டத்தை நிறுத்தி, பந்தைப் பொதுவாப் போட்டு நடத்தணும். சட்டம்" என்றேன்.

"அவர் விசில் ஊதவில்லையே. கத்தினார்."

"இந்தப் பதினோரு பேருக்கு அதுதான்யா விசில்."

சிவபாதம் குடையோடு ஓடி வந்தார். "கத்தினது ஆர்?" என்று நம் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார். அத்தனை பேருக்கும் தெரியும். தினமும் கேட்கிற குரல். எல்லாரும் மணலைப் பார்த்தார்கள்.

வரதராஜன் கோட்டின்மேல் கை கட்டி நின்றுகொண்டிருந்தார். "லாரிக்காரன் ரிவர்ஸ் எடுத்துட்டிருந்தான், அவனை நிறுத்தச் சொன்னேன். அதுக்கு இவனுங்க நின்னா நான் என்ன பண்றது?" என்றார். திடல் பக்கம் எந்த லாரியும் ஓடவில்லை. நின்ற லாரிகள்மேல் ஆட்கள்தான் இருந்தார்கள்.

நான் அவர் எதிரில் போய் நின்றேன். "சார், வெளியே போங்க."

"யோவ், நீ விசிட் விசால வந்தவன். யார்கிட்டப் பேசறேன்னு தெரியுதா?"

"கோட்டுக்கு அந்தப் பக்கம் உங்க கம்பெனி. இந்தப் பக்கம் நான். நீங்க திடலுக்கு வெளியே போற வரைக்கும் பந்து உருளாது."

லாரிமேல் இருந்த கூட்டம் கை தட்டத் தொடங்கியது. முதலில் பாகிஸ்தான்காரர்கள், பிறகு எல்லாரும். அவர் கண்ணாடியைக் கழற்றி, என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார். போகும்போது நம் ஆட்களையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனார். அதைத்தான் என்னால் தடுக்க முடியவில்லை.

பந்தை இரண்டு அணிக்கும் நடுவில் போட்டேன். முருகேசன் அதைத் தட்டி எடுத்து, பக்கத்தில் இருந்த செல்வராஜுக்குக் கொடுத்தார். பந்து செல்வராஜின் இரண்டு காலுக்கும் நடுவில் போயிற்று. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம் ஆட்கள் ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். கலாஸ் என்று சொன்னவர் என்ன விரும்புகிறார் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருவன் ஷூ கயிற்றைக் கட்டினான். ஒருவன் நடந்தான். கால்பந்துச் சட்டத்தில் எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. ஆடு என்று ஒருவனைக் கட்டாயப்படுத்த விதி இல்லை. விசிலைக் கடித்தே உடைத்துவிடுவேன் போல இருந்தது.

"டேய், அவரு ரெஃப்ரீ இல்லடா" என்றார் முருகேசன். கத்தவில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னார். "ஓடுங்கடா. அஞ்சு நிமிஷம் ஓடுங்கடா."

யாரும் ஓடவில்லை. அவர் ஓடினார்.

ஒருவர் மட்டும் ஓடுவதைப் பார்ப்பது மிகவும் கஷ்டம். பந்தைத் தேடிப் போவார், அவர்கள் தட்டிவிடுவார்கள், மறுபடி போவார். அபுதாபிக்காரர்களுக்கும் ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது. நிற்கிற ஆட்களிடம் என்ன ஆடுவது என்று அவர்களும் மெதுவாகப் பந்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த அசட்டையில் ஒரு பந்து நடுவில் தப்பியது. முருகேசன் அதைப் பிடித்துக்கொண்டு பாதித் திடலையும் கடந்தார். அபுதாபி கோலி முன்னால் வந்தான். இவர் உதைத்த பந்தில் வேகமே இல்லை. மணலில் இருந்த ஏதோ மேட்டில் பட்டு எகிறி, அவன் கைக்கு மேலாகப் போய் உள்ளே விழுந்தது.

நான் கோடு காப்பவரைப் பார்த்தேன். கொடி இறங்கியே இருந்தது. மனசுக்குள் எல்லாவற்றையும் ஒரு முறை திருப்பிப் பார்த்தேன். கையில் பட்டதா, இல்லை. இடித்தாரா, இல்லை. கோல்தான். என் வாழ்க்கையில் ஒரு கோலை அவ்வளவு பயத்தோடு ஊதியதில்லை. அபுதாபி கேப்டன் வாதாடாமல் பந்தை எடுத்துக்கொண்டு நடுவுக்குப் போய்விட்டார். முருகேசனைக் கட்டிக்கொள்ள ஒருவரும் வரவில்லை. அவர் தனியாகத் திரும்பி நடந்து வந்தார், கண் கலங்கியிருந்தது.

கோப்பை கொடுக்க அர்பாப் வெள்ளை ஜீப்பில் வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. வரதராஜன் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கேப்டனுக்கு என்ன வேண்டும் என்று அர்பாப் கேட்டதாக கான் மொழிபெயர்த்தார். "லீவு" என்றார் முருகேசன். அர்பாப் கையை விரித்து, "மாஃபி முஷ்கில்" என்றார், அதாவது ஒரு பிரச்சினையும் இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். வரதராஜன்தான் பலமாகத் தட்டினார்.

மற்ற பத்துப் பேருக்கும் கான்கிரீட் முடிந்ததும் லீவு என்று சொல்லப்பட்டது. அவர்கள் தலையாட்டினார்கள். முருகேசனுக்கு உடனே டிக்கெட் வந்தது. நான் கிளம்பும் அதே விமானம். அப்பாவுக்குத் தந்தி கொடுத்தேன், மாப்பிள்ளையோடு வருகிறேன் என்று. ரூமில் இருந்த பிள்ளைகள் கல்யாணத்துக்கு என்று ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்தார்கள். செல்வராஜ் மட்டும் முருகேசன் எதிரில் வராமல் குளியலறைப் பக்கமே நின்றிருந்தான். இவர்தான் தேடிப் போய் அவன் தோளைத் தட்டிவிட்டு வந்தார்.

அங்கே ஒரு வழக்கம். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை விமான நிலைய வாசலில்தான் கையில் கொடுப்பார்கள், அதற்கு முன்னால் கொடுத்தால் ஓடிவிடுவானாம். வழக்கமாக ஆபீஸ் பையன் எவனாவது வருவான். எங்களுக்கு வரதராஜனே வந்தார். பாஸ்போர்ட்டை நீட்டி, இனிமையாகச் சொன்னார்.

"முருகேசா, லீவு கேட்டே இல்ல? விசாவ கேன்சல் பண்ணிட்டேன். நீ திரும்பி வர வேண்டாம். எவ்ளோ நாள் வேணுமோ லீவு எடுத்துக்கோ."

நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். பிடித்ததில் பொத்தான் ஒன்று தெறித்தது. முருகேசன் என் கையை விலக்கினார். "விடுங்க மச்சான். போலீஸு வந்தா நம்மளத்தான் புடிப்பான். தை பொறக்கப் போகுது." அவர் சொன்னது சரி. அந்தச் சரியை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

விமானத்தில் அவர் பாஸ்போர்ட்டை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "மச்சான், மாமா நிச்சயம் பண்ணது துபாய் மாப்பிள்ளைய. இப்ப நான் ஊருக்கு வந்தா யாருங்க?" என்று கேட்டார்.

நம் ஊரில் இறங்கியதும் கஸ்டம்ஸ்காரர் அவரிடம் கேட்டார், எத்தனை நாள் லீவு. டாக்சிக்காரர் கேட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டார். எப்படி இருக்கிறாய் என்று ஒருவர் கேட்கவில்லை. நான் எல்லாரிடமும் எரிந்து விழுந்துகொண்டே வந்தேன். முசிறிக்குப் போகும் முன்னால் எங்கள் வீட்டில் கை நனைத்துவிட்டுப் போகட்டும் என்று நேரே வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

அப்பா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க மாப்ள. வாங்க. எப்பத் திரும்பணும்?"

"திரும்பலைங்க மாமா" என்றார் முருகேசன். "கேன்சல் பண்ணிட்டாங்க."

அப்பா கையை விட்டார். நாற்காலியில் போய் உட்கார்ந்தார். டேப் ரெக்கார்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உன்னை எதுக்குடா அனுப்பினேன்? ஆளைப் பாத்துட்டு வரத்தானே அனுப்பினேன். என்னத்தப் பாத்தே நீ?"

"பாத்தேன்பா. பதினோரு பேரை ஒருத்தன் நில்லுன்னு சொன்னான். பத்துப் பேரு நின்னுட்டாங்க. ஒருத்தன் ஓடினான். அவன் இவருதான். உங்களுக்கு அந்தப் பத்துல ஒருத்தன்தான் வேணும்னா சொல்லுங்க, இவரை பஸ் ஏத்தி விட்டுட்டு வர்றேன்."

நிச்சயம் ஆன பெண் தாலி ஏறும்வரை மாப்பிள்ளை கண்ணில் படக் கூடாது என்பது எங்கள் வீட்டில் அவர் வைத்த சட்டம். மல்லிகா சமையலறையிலிருந்து காபியோடு வந்தாள். முருகேசன் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு அங்கேயே, அவர் பக்கத்தில், நின்றாள்.

"உள்ள போ" என்றார் அப்பா.

அவள் போகவில்லை.